மெதுவாக ஓடுவதற்கென்று ஒரு சைக்கிள்

படிக்கட்டுக்கு அடியில் பல ஆண்டுகளாகச் சாத்திக் கிடந்த என் பழைய சைக்கிளைப் பிரிக்கும் முன்பே, அது எதற்கு என்பதை முடிவு செய்துகொண்டேன். மகளோடும் மனைவியோடும் விடுமுறை நாள் மாலைகளில் அரை மணி நேரம் பேசிக்கொண்டே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பிரேமின் இணைப்புகளில் விரிசல் இல்லை என்று உறுதியானதும், பெயிண்ட் அடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். ரிம்மில் படிந்திருந்த துருவை மட்டும், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தேன்.

முதல் தடையே பெடல்தான். இடப்பக்கப் பெடலின் மரை வழக்கத்துக்கு எதிரானது, அதைக் கழற்ற ஸ்பானரைக் கடிகார முள் சுழலும் திசையில் திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கை பழக்கத்தில் எதிர்த்திசையில் தம் கட்டி இழுத்து, இறுகியிருந்ததை இன்னும் இறுக்கிவிட்டேன்.

பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்தபோது கிரீஸ் இருந்த இடத்தில் கறுத்த மெழுகு போன்ற ஒன்று உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி எண்ணிப் பார்த்தேன்: பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள் 18 இருக்க வேண்டும், தட்டில் 17தான் இருந்தன. காணாமற்போனது மறுநாள் காலை, கை துடைத்த துணியின் மடிப்பிலிருந்து விழுந்தது. அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் புதிய குண்டுகளை வாங்கிவிட்டேன். தேய்ந்தவற்றோடு புதியதைக் கலந்தால் பாரம் பெரியவற்றின் மீதே விழும் என்பதால், தேடியிருக்கவே வேண்டாம். குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டான கோனைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்குத்தான் ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனது. அதைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது கோனும் உடன் நகர்ந்துவிடுகிறது. ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் ஆக்சில் விரல்களுக்கிடையே வழுக்கிச் சுழலும் நிலை, ஐந்தாறு முயற்சிக்குப் பிறகே கிடைத்தது.

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம் என்பது கணக்கு; எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். என் செயின் அதைவிட 1/8 அங்குலம் நீண்டிருந்தது. அந்த அளவுக்குத் தேய்ந்த செயின், பின் சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலின் பற்களையும் தின்றிருக்கும் என்பதால் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. உண்மையில் இதுதான் எனக்கு வாய்ப்பாக அமைந்தது. முன்னே 44 பற்கள், பின்னே 18 என்றிருந்தபோது ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி 5 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். வேகத்துக்கு அது நல்லது, ஆனால் குழந்தையின் வேகத்துக்குக் குறைத்து ஓட்டினால் முழங்கால் வலிக்கும். 22 பற்கள் கொண்ட பிரீவீலைப் போட்டதும் அது 4 மீட்டரை ஒட்டி வந்துவிட்டது. மொத்த வேலையிலும் மிகவும் பயன்பட்டது இந்த ஒரு மாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

டயரில் ஏமாந்தேன். '26 அங்குலம்' என்று கேட்டு வாங்கி வந்தது, ரிம்மில் ஏறவே மறுத்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்த பிறகே காரணம் புரிந்தது: பழையதில் 37-590, புதியதில் 47-559. இரண்டுமே 26 அங்குலம் என்றுதான் விற்கப்படுகின்றன, ஆனால் இரண்டாவது எண் காட்டும், ரிம்மில் அமரும் விட்டம் 31 மில்லிமீட்டர் வேறுபடுகிறது.

பிரேக் கட்டைகளையும் கேபிள்களையும் யோசிக்காமல் புதிதாக்கினேன். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்காது என்பதால், மழை நாளில் இந்த வண்டியை எடுப்பதில்லை. சீட்டையும், குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராகும் என்ற வழக்கமான உயரத்திலிருந்து ஒரு விரற்கடை இறக்கினேன். மகள் நினைத்த இடத்திலெல்லாம் நிற்பாள், எனக்கும் சட்டென்று கால் ஊன்ற வேண்டும்.

முதல் நாள் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள், பெடலைத் தாங்கும் கிராங்கிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று சத்தம் வந்தது. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் புதிய காட்டர் பின், பாரம் ஏறியதும் உள்ளே அமர்ந்து நட்டைத் தளர்த்தியிருந்தது. ஓரமாக நிறுத்தி ஸ்பானரை எடுத்தேன். மகளுக்குப் பொறுமையில்லை, நான் நட்டை இறுக்கி முடிக்கும் வரை என்னைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தாள்.