கிரவுன் பினியன் தப்பித்த கதை

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஜீப். ஆறேழு மாதமாகவே கிளட்சை விடும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். கோத்தகிரி ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு 'டங்'. பக்கத்தில் உட்கார்ந்து வரும் என் மனைவி, "யாரோ அடியில சுத்தியலோட படுத்திருக்காங்க" என்பாள்.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் குனிந்து, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயான பின் ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினார். நன்றாகவே ஆடியது. "கிரவுன் பினியன் போச்சுங்க, செட்டா மாத்திரலாங்க" என்றார். தொகையைக் கேட்டதும், "யோசிச்சுச் சொல்றேங்கண்ணா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் கூட்டில், ஷாஃப்ட்டோடு சுற்றும் சின்ன பல்சக்கரம்தான் பினியன்; அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன். பினியன் கிட்டத்தட்ட நாலு சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால் ஆக்ஸில் முனையில் பல் பல்லாக வெட்டிய ஸ்ப்ளைனிலும் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்களிலும் சேர்ந்திருக்கும் தளர்வு, ஷாஃப்ட் பக்கம் நாலு மடங்காகத் தெரியும். பழைய வண்டியில் ஷாஃப்ட் கொஞ்சம் ஆடுவதை மட்டும் வைத்துக் கிரவுனைக் குற்றம் சொல்ல முடியாது. அதோடு ஜிப்சியில் கியர்பாக்ஸும், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அதன் இரண்டு கிராஸையும் (கூட்டல் குறி வடிவ மூட்டு) பின் ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸையும் தாண்டித்தான் இழுவை பின்சக்கரத்துக்குப் போகிறது. சத்தம் எங்கே பிறந்தாலும் ஷாஃப்ட் குழாய் அதை மணி மாதிரி பின்னால் கொண்டுபோய் ஒலிக்கும். காதை நம்பிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சமதரை. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் படுத்தேன். ஷாஃப்ட் பினியனோடு சேரும் தட்டான ஃப்ளாஞ்சிலும், அதை ஒட்டிய அசையாத வெளிக்கூடான ஹவுசிங்கிலும் நேர்க்கோட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, ஷாஃப்ட்டை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பினேன். கண்ணுக்கு அவ்வளவு தெரிந்த ஆட்டம், கோட்டில் பார்த்தால் அரை விரல் அகலம்தான்.

அடுத்து கிராஸ்கள். கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து எதிரெதிராக முறுக்க வேண்டும். நல்ல கிராஸ் அசையவே அசையாது. பின் ஷாஃப்ட்டில் இரண்டும் கெட்டி. குட்டி ஷாஃப்ட்டின் ஒரு கிராஸில் மட்டும் 'கிளிக்'. கிராஸின் முனையை மூடும் கப்பின் ஓரத்தில் குங்குமம் தூவினது போல் துருப்பொடி.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. செல்போனை வீடியோவில் போட்டு, செங்கலில் சாய்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கும்படி தரையில் வைத்தேன். இதற்கு ஆள் யாரும் அடியில் இருக்கவே கூடாது. மனைவி பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை மட்டும் விட்டாள். பிறகு ரிவர்ஸில் அதேபோல். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரு பக்கம் தூக்கி, திரும்ப உட்காருகிறது! அதை வண்டியின் சட்டத்தில் தாங்கும் ஒரு மவுண்டிங்கில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது.

கோவைக்குப் போய் மவுண்டிங் செட்டும் ஒரு கிராஸும் வாங்கினேன். குட்டி ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஃப்ளாஞ்சிலும் ஸ்ப்ளைனிலும் பெயிண்ட் அடையாளம் வைத்தேன். மாற்றிக் கோத்தால் இரண்டு முனையும் ஒரே நேரில் இல்லாமல் ஷாஃப்ட் உதறும். பழைய கப்பைத் தட்டி எடுத்தபோது ஊசி பேரிங் பாதி பொடியாகக் கொட்டியது. புதியதைப் போடுவதில்தான் அரைநாள் போனது. எத்தனை அடித்தும், கப்பைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையமான சர்க்ளிப் பள்ளத்தில் உட்காரவில்லை. கப்பைத் திரும்ப எடுத்தால், உள்ளே ஒரே ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்திருக்கிறது. கிரீஸை அப்பி ஊசிகளை நிறுத்திவைத்ததும் ஒரே தட்டில் உட்கார்ந்தது.

கையோடு பின் டிஃபரென்ஷியல் ஆயிலையும் வடித்துப் பார்த்தேன். கறுப்புதான், ஆனால் இரும்புத் துணுக்கு ஒன்றும் இல்லை. புது ஆயில் ஊற்றி மூடிவிட்டேன்.

இப்போது ஏற்றத்தில் சத்தம் இல்லை. ரிவர்ஸ் போட்டால் மட்டும் சின்னதாக ஒரு 'டக்'. அது அந்த அரை விரல். சாக்பீஸ் கோட்டின் மேல் பெயிண்ட் வைத்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்க.