ஐடிவியின் முதல் இரவு: சில நாட்குறிப்புகள்

செப்டம்பர் 17

இந்த வாரம் ஒரே ஒரு மாலையின் நிகழ்ச்சி நிரலோடுதான் உட்காரப் போகிறேன். 1955 செப்டம்பர் 22, வியாழக்கிழமை, லண்டன். போருக்காக 1939-ல் மூடப்பட்ட பிபிசி தொலைக்காட்சி 1946 ஜூனில் திரும்பி வந்தது. அதிலிருந்து ஒன்பது வருடங்களுக்கும் மேலாக பிரிட்டனில் இருந்தது அந்த ஒரே சேனல்தான், பெட்டி வைத்திருப்பவர்கள் கட்டும் லைசன்ஸ் கட்டணத்தில் நடந்தது, விளம்பரம் கிடையாது. விளம்பரப் பணத்தில் ஓடும் ஐடிவி முதன்முதலாக ஒளிபரப்பானது இந்த மாலையில்தான்.

பார்த்தவர்கள் குறைவு. லண்டன் வட்டாரத்துக்கு மட்டும்தான் அலை எட்டியது. அதிலும், பழைய பெட்டிகள் பிபிசியின் அலைவரிசைக்கென்றே செய்யப்பட்டவை என்பதால், புதிய 9-ஆம் சேனலைப் பிடிக்கத் தனியாக ஒரு கன்வெர்ட்டரும் வேறு ஆன்டெனாவும் வேண்டும்.

செப்டம்பர் 18

நிரலுக்குள் போவதற்கு முன் எதிர்ப்பைப் பற்றி எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாலை ஏன் அப்படி இருந்தது என்பது புரியாது. பிபிசியை வளர்த்தெடுத்த ரீத் பிரபு 1952-ல் மேலவையில் பேசும்போது, விளம்பர ஒளிபரப்பை நாட்டுக்குள் கொண்டுவருவதை அம்மையும் பிளேக்கும் வந்ததோடு சேர்த்துச் சொன்னார். அடுத்த வருடமே எதிர்ப்பாளர்கள் கையில் ஓர் ஆதாரமும் கிடைத்தது. எலிசபெத் முடிசூட்டு விழாவை அமெரிக்காவில் என்பிசி என்ற விளம்பரத் தொலைக்காட்சி காட்டியபோது இடையிடையே விளம்பரங்கள் வந்தன, கூடவே அவர்களுடைய காலை நிகழ்ச்சியில் தினமும் வரும் ஜே. ஃபிரெட் மக்ஸ் என்ற சிம்பன்சியும் வந்துவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நடக்கும் புனிதச் சடங்குக்குப் பக்கத்தில் குரங்கா என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளும் எம்.பி.க்களும் கொதித்துப் போனார்கள்.

விளம்பரத் தொலைக்காட்சிக்கு அனுமதி கொடுத்த 1954 சட்டத்தில் அந்தக் கோபம் அப்படியே தெரிகிறது. விளம்பரதாரர் நிகழ்ச்சியை நடத்தக் கூடாது, நேரத்தை மட்டும் விலைக்கு வாங்கலாம், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். அதன் மேல், மணிக்குச் சராசரியாக 6 நிமிடம்தான் விளம்பரம் என்று ஒரு வரம்பும் வந்தது. நல்ல விதிகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 20

சரி, நிரல். மாலை 7:15-க்கு லண்டன் கில்ட்ஹாலில் தொடக்க விழா. ஜான் பார்பிரோலி நடத்த ஹாலே இசைக்குழு, ஆங்கிலேய செவ்வியல் இசையமைப்பாளர் எல்கரை வாசிக்கிறது, மேயர் பேசுகிறார், அஞ்சல் துறை அமைச்சர் பேசுகிறார், ஐடிவியைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவர் கென்னத் கிளார்க் பேசுகிறார். இந்தக் கிளார்க் யாரென்றால், முப்பது வயதிலேயே நேஷனல் கேலரியின் இயக்குநர் ஆனவர். 8 மணிக்குத்தான் ஆட்டமும் பாட்டும். 8:40-க்கு நாடகக் காட்சிகள், ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் நடிகை ஈடித் எவன்ஸ். அப்புறம் குத்துச்சண்டை. 10 மணிக்குச் செய்தி, வாசித்தவர் கிறிஸ்டோபர் சாட்டவே. முந்தைய வருடம் ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது கூடவே ஓடி வேகம் கூட்டிக் கொடுத்தவர். செய்தி வாசிப்பவரின் முகத்தைக் காட்டுவதே அன்றைக்குப் புதுசு. போட்டி வருகிறது என்று தெரிந்து பிபிசியும் அதே மாதம் 4-ஆம் தேதிதான் காட்டத் தொடங்கியிருந்தது.

திரும்பத் திரும்பப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. இந்த நிரலின் முதல் பாதி பார்வையாளருக்காகப் போட்டதே இல்லை, ரீத்துக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதிய பதில். நாங்கள் குரங்கைக் கொண்டுவர மாட்டோம் என்று எல்கரை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 22

இரவு 8:12. முதல் விளம்பரம். யாருடையது முதலில் வருவது என்று குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்தார்கள், கிப்ஸ் எஸ்ஆர் பற்பசைக்கு அடித்தது. பனிக்கட்டிக்குள் பற்பசைக் குழாய், அந்தப் புத்துணர்ச்சியைப் பற்றி ஒரு குரல், அவ்வளவுதான். கின்னஸ் விளம்பரமும் அன்றே வந்தது. இவ்வளவு சண்டைக்கும் காரணமான பொருள் திரையில் இவ்வளவு அமைதியாக வந்து போயிருக்கிறது.

ஆனால் மறுநாள் காலை ஜனங்கள் பேசியது பற்பசையைப் பற்றி மட்டும் இல்லை. அதே மாலை பிபிசி வானொலியின் கிராமத் தொடரான ‘தி ஆர்ச்சர்ஸ்’-இல், தீப்பிடித்த லாயத்துக்குள் குதிரையைக் காப்பாற்றப் போன கிரேஸ் என்ற இளம் மனைவி இறந்துவிட்டாள். கேட்டவர்கள் அழுது, பிபிசிக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. ஒரு கதாபாத்திரத்துக்காக ஒரு நாடே துக்கப்படும் அளவுக்கு வானொலிக்கு அப்போது பலம் இருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 25

பின்கதையும் எழுதிவிடுகிறேன். முதல் வருடம் ஐடிவியை நடத்திய நிறுவனங்களுக்குப் பெரும் நஷ்டம். லண்டனில் வார நாட்களை நடத்திய அசோசியேட்டட் ரீடிஃப்யூஷன் கனமான நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. அதன் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ரோலண்ட் கில்லட் வெளிப்படையாகவே சொன்னார்: மக்களுக்குப் பிடிப்பது பெண்கள், மல்யுத்தம், வினாடி வினா; நாங்கள் ஹாலே இசைக்குழுவைக் கொடுத்தோம், இப்போது கற்றுக்கொண்டோம், இனி அவர்கள் கேட்பதே கிடைக்கும்.

வினாடி வினாவில் தப்பே இல்லை, நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள் சிரிக்க ஆசைப்பட்டார்கள், பிபிசி அதைப் போதுமான அளவுக்குக் கொடுக்கவில்லை. என் வருத்தம் வேறு. பார்பிரோலியை விமர்சகர்களுக்குக் காட்டுவதற்காக இல்லாமல், மக்களும் கேட்கட்டுமே என்று உண்மையாகவே போட்டிருந்தால், நஷ்டம் வந்தவுடன் முதலில் வெட்டப்பட்டது அவராக இருந்திருக்காது.