வீட்டை வெள்ள வரைபடத்திலிருந்து வெளியே கொண்டுவந்த கதை: நியூ ஜெர்சி அனுபவம்

மார்ட்கேஜ் கம்பெனியிடமிருந்து வந்த கடிதம் ஒரு பக்கம்தான். உங்கள் வீடு வெள்ள அபாயப் பகுதிக்குள் வந்துவிட்டது, 45 நாட்களுக்குள் வெள்ளக் காப்பீடு எடுங்கள், எடுக்காவிட்டால் நாங்களே ஒன்றை எடுத்து உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவோம். வாங்கும்போது எக்ஸ் மண்டலம், அதாவது வெள்ள அபாயப் பகுதிக்கு வெளியே, என்று பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. அதே வீடு, அதே மண், ஓடையும் நகரவில்லை. மாறியது வரைபடம் மட்டும்.

இப்போது வீடு அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் நடுவில் பட்ட அலைச்சலும் வீண் செலவும் இன்னும் ஆறவில்லை. ராரிட்டன் ஆற்றில் சேரும் சின்னச் சின்ன ஓடைகளின் பக்கம் நம்மவர்கள் எத்தனையோ பேர் வீடு வாங்கியிருக்கிறோம். அடுத்து கடிதம் வரப்போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் எனக்கு எரிச்சலூட்டிய விஷயம். வெள்ள வரைபடங்களைப் போடும் மத்திய அரசின் பேரிடர் அமைப்பு ஃபீமா. அது ஒரு ஊரின் வரைபடத்தை மாற்றப்போகிறது என்றால் அதை ஃபெடரல் ரெஜிஸ்டரில், அதாவது மத்திய அரசின் அரசிதழில், அறிவிப்பாகப் போடும். அந்த அறிவிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். மாநிலத்தின் பெயர், கவுண்டியின் பெயர், அதன் கீழ் ஊர்களின் பட்டியல், ஒவ்வொரு ஊருக்கும் எதிரே வரைபடத்தை வைத்திருக்கும் அலுவலகத்தின் முகவரி. அவ்வளவுதான். தெருப் பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. 'உன் வீடு உள்ளே வருகிறது' என்று வீட்டுக்காரனுக்குத் தனியாகக் கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

உள்ளூர்ப் பத்திரிகையிலும் இரண்டு முறை விளம்பரம் வரும். இரண்டாவது முறை அச்சான நாளிலிருந்து 90 நாட்கள் மேல்முறையீட்டுக் காலம். சட்டப்படி நாம் வாய் திறக்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். ஆனால் பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும் சட்ட அறிவிப்பை இன்று யார் படிக்கிறார்கள்? இந்த மாநிலத்தின் பெரிய நாளிதழான ஸ்டார் லெட்ஜரே 2025 பிப்ரவரியோடு அச்சிடுவதை நிறுத்திவிட்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட விஷயம் தெரியாமல் அந்த 90 நாளும் ஓடிப்போனது.

அறிவிப்பில் இருந்த முகவரிக்குப் போனேன். டவுன்ஷிப் அலுவலகம். கவுன்டரில் இருந்த அம்மா, "வரைபடமா? வரி அலுவலகத்தில் கேளுங்கள்" என்றார். வரி அலுவலகத்தில், "கட்டட அனுமதிப் பிரிவுக்குப் போங்கள்". அங்கே, "எங்களிடம் பழைய வரைபடம்தான் இருக்கிறது". திரும்பவும் முதல் கவுன்டருக்கே வந்து, அரசிதழ்ப் பக்கத்தின் பிரதியை எடுத்து வைத்து, "வரைபடம் இந்தக் கட்டடத்தில் இருப்பதாக மத்திய அரசு எழுதியிருக்கிறது, முகவரி உங்களுடையதுதானே?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, அதைக் கவனிப்பது டவுன்ஷிப் இன்ஜினீயர், அவர் வாரத்தில் சில காலை வேளைகளில் மட்டும் வருவார் என்றார். ஆகவே நீங்கள் போனால் நேராக வெள்ளச் சமவெளி நிர்வாகி யார் என்று கேளுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பொறுப்பில் ஒருவர் இருந்தாக வேண்டும். போகும்போது அறிவிப்பின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினீயர் பொறுமையான மனிதர். வரைபடத் தாளை மேசையில் விரித்தார். வெள்ள அபாயப் பகுதியைக் காட்டும் நிழல் ஓடையிலிருந்து கிளம்பி எங்கள் கொல்லைப்புறத்தைத் தாண்டி, வீட்டின் பின்மூலையை ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டிருந்தது. ஏ.இ. மண்டலம், வெள்ள மட்டம் 38.2 அடி. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு ஒரு சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் அந்த உயரம் வரை ஏறும் என்று கணக்கு. ஒரு மூலையைத் தொட்டாலும் முழு வீடும் உள்ளே இருப்பதாகத்தான் மார்ட்கேஜ் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

மேல்முறையீட்டுக்கு 'எங்கள் தெருவில் வெள்ளமே வந்ததில்லை' என்று எழுதினால் எடுபடாது என்றும் அவர் சொன்னார். அளவீடும் நீரோட்டக் கணக்கும் வைத்து, வரைபடத்தின் வெள்ள மட்டமோ எல்லையோ தவறு என்று காட்ட வேண்டும். அதையும் பெரும்பாலும் டவுன்ஷிப் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் டவுன்ஷிப் எதுவும் அனுப்பவில்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, இறுதிக் கடிதம் ஊருக்கு வந்து, அதிலிருந்து ஆறு மாதம் கழித்துத்தான் வரைபடம் நடைமுறைக்கு வரும். அந்த ஆறு மாதத்துக்குள் ஊர் தன் விதிகளைத் திருத்தி வரைபடத்தை ஏற்காவிட்டால் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்தே இடைநீக்கம். அதற்கும் அரசிதழில் தனி அறிவிப்பு வரும். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கு மார்ட்கேஜ் கடிதம்.

இனி ஒரே வழி லோமா. அதாவது, வீடு இருக்கும் இயற்கையான தரை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று நிரூபித்து ஃபீமாவிடம் வாங்கும் வரைபடத் திருத்தக் கடிதம். இதற்கு ஃபீமா கட்டணம் வாங்குவதில்லை. எம்.டி. ஈ.இசட். என்று ஒரு படிவம், இணையத்திலேயே அனுப்பலாம். 'நாங்கள் லோமா வாங்கித் தருகிறோம்' என்று பெரிய தொகை கேட்கும் ஆட்களும் உண்டு. சர்வேயர் கூலியைத் தவிர வேறு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

கட்டட அனுமதிப் பிரிவில் ஒருவர், "உங்கள் வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறதே, கிடைக்கவே கிடைக்காது" என்று அடித்துச் சொன்னார். அதை நம்பி அத்தோடு விட்ட பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இன்னும் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார். இயற்கைத் தரையில் கட்டிய வீடென்றால் லோமாவுக்குப் பேஸ்மென்ட் தளத்தின் உயரம் கணக்கே இல்லை. கட்டடத்தைத் தொடும் தரையில் மிகத் தாழ்வான இடம் எது, அது வெள்ள மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. மண் கொட்டி உயர்த்திய மனை என்றால் விஷயம் வேறு. அதற்குத் தனி விண்ணப்பம், கட்டணம், டவுன்ஷிப்பின் கையெழுத்து எல்லாம் உண்டு. அதனால் தோட்டம் போடும் ஆசையில் சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டி உயர்த்திவிடாதீர்கள்.

இதற்கிடையில் 45 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்ததால் காப்பீடு எடுத்தோம். ஏஜென்ட், "30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும்" என்றார். பொதுவிதி அதுதான். ஆனால் வரைபடம் மாறியதால் புதிதாக உள்ளே வந்த வீட்டுக்கு, மாற்றம் நடைமுறைக்கு வந்து 13 மாதங்களுக்குள் எடுத்தால் காத்திருப்பு ஒரே நாள். அதை எடுத்துச் சொன்னதும் மேலிடத்தில் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். புதிதாக உள்ளே வந்த வீடுகளுக்குத் தொடக்கத்தில் பிரீமியத்தில் கழிவும் உண்டு. பிறகு ஆண்டுக்கு 18 சதவீதம் வரை ஏறும். கழிவைப் பற்றி ஏஜென்ட்டாக வாய் திறக்கவில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும்.

அவ்வளவு செய்தும் மார்ட்கேஜ் கம்பெனி, பாலிசித் தாள் வந்து சேரவில்லை என்று சொல்லித் தானே ஒரு காப்பீட்டை எடுத்து, வரிக்கும் காப்பீட்டுக்கும் நம்மிடம் வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் ஏற்றிவிட்டது. நாம் எடுத்ததைப் போலப் பல மடங்கு விலை. ஃபேக்ஸ் அனுப்பினால் வரவில்லை என்பார்கள், இணையத்தில் ஏற்றினால் வேறு பிரிவு என்பார்கள். போனில் ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் பதிவுத் தபாலில் பாலிசித் தாளையும், அதனுடன் ஒரு கடிதத்தையும் அனுப்பினேன். ஏற்கெனவே காப்பீடு இருப்பதற்கான அத்தாட்சி கையில் கிடைத்த 30 நாட்களுக்குள், அவர்கள் எடுத்ததை ரத்துசெய்து, இரண்டும் சேர்ந்து ஓடிய காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய சட்டம். அந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுதியதும் பணம் முழுவதும் எஸ்க்ரோவுக்குத் திரும்பியது. போனில் பேசாதீர்கள், எழுதுங்கள்.

இனி சர்வேயர். மனசு இன்னும் கொதிப்பது இங்கேதான். முதலில் வந்தவர் பழைய உரிமையாளர் எடுத்துவைத்திருந்த உயரச் சான்றிதழைப் பார்த்தார், கொல்லைப்புறத்தைச் சுற்றி வந்தார், படிவத்தில் தரையின் உயரம் 39.6 அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வெள்ள மட்டத்தைவிட ஓர் அடிக்கும் மேல் உயரம். சந்தோஷமாக அனுப்பினோம். கூடுதல் தகவல் கேட்டுக் கடிதம் வந்தது. உயரம் எந்த அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்று படிவத்தில் குறிக்கவில்லை, பத்திரத்தின் பிரதியில் பதிவு விவரம் இல்லை.

அடிமட்டம், அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் பூஜ்ய மட்டம், பற்றி அன்றுதான் ஆழமாகப் படித்தேன். அமெரிக்காவில் உயரங்களை முன்பு 1929ஆம் ஆண்டு அடிமட்டத்தை வைத்துச் சொல்வார்கள். இப்போதைய வரைபடங்கள் 1988 அடிமட்டத்தில் இருக்கின்றன. எங்கள் பகுதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஓர் அடி வித்தியாசம். பழைய கணக்கில் 39.6 என்பது புதிய கணக்கில் ஓர் அடி இறங்கிவிடும். பழைய தாளைப் பார்த்து எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, அவருடைய தொழிலே இதுதான். கூலியைத் திருப்பிக் கேட்டதற்கு, போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாவது சர்வேயர் பெண்மணி. கருவியை நிறுத்தி வீட்டின் நாலு பக்கமும் அளந்துவிட்டு, டெக்கின் கீழே மண்டியிட்டுப் போய், படிக்கட்டைத் தாங்கும் மரத்தூணின் அடியில் அளவுகோலை வைத்தார். "வீட்டுச் சுவரை மட்டும் அளந்தால் போதாது. வீட்டோடு ஒட்டியிருக்கும் டெக்கின் தூணும் கணக்கில் வரும். பல விண்ணப்பங்கள் இங்கேதான் கவிழும்" என்றார். தூணடியில் 38.5 அடி. வெள்ள மட்டம் 38.2. நாலு அங்குலம்கூட இல்லை. ஆனால் எவ்வளவு குறைவானாலும் மேலே என்றால் மேலேதான்.

பத்திர விவகாரம் எளிதில் முடிந்தது. வீடு வாங்கியபோது வக்கீல் கொடுத்த கோப்பில் இருந்தது பதிவுக்கு முந்தைய பிரதி. கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் முத்திரையும் புத்தக எண்ணும் பக்க எண்ணும் உள்ள பிரதியை வாங்கி இணைத்தேன். சர்வேயர் வருவதற்கு முன்பே இதை எடுத்துவைத்துக்கொண்டால் ஒரு சுற்று மிச்சம்.

எல்லாத் தகவலும் சேர்ந்த பிறகு 60 நாட்களுக்குள் முடிவு சொல்வது ஃபீமாவின் வழக்கம். எங்களுக்கும் அதற்குள் வந்துவிட்டது. கட்டடம் வெள்ள அபாயப் பகுதியில் இல்லை என்ற வரியைப் படித்ததும் மனைவிக்குப் போன் செய்தேன், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. கவனியுங்கள், வெளியே வந்தது கட்டடம் மட்டும். மனையின் பின்பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கும். நாளைக்குக் கொல்லையில் கொட்டகை போட வேண்டுமென்றால் அது நினைவில் இருக்க வேண்டும்.

லோமா வந்தவுடன் மார்ட்கேஜ் கம்பெனி தானாக விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் கட்டாயம்தான் போகிறது. கடன் கொடுத்தவர் விரும்பினால் காப்பீடு வேண்டும் என்று இன்னும் கேட்கலாம். எங்களுக்கு எழுத்தில் விலக்கு கொடுத்தார்கள். அதைக் காட்டினால் அந்த ஆண்டு கட்டிய பிரீமியத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு.

நாங்கள் திரும்பப் பெறவில்லை. தெருக்கோடியில் இருக்கும் திருச்சிக்கார அண்ணன், "தம்பி, கடிதம் வந்துச்சுன்னு இன்சூரன்ஸை மட்டும் நிறுத்திடாத. தண்ணி கோடு பார்த்துட்டு வராது" என்றார். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு ஐடா புயலின் மிச்சம் நியூ ஜெர்சியில் கொட்டியபோது பேஸ்மென்ட்டிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். அந்த மழையில் இந்த மாநிலத்தில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். மேன்வில்லும் பவுண்ட் புரூக்கும் மூழ்கின. 38.5க்கும் 38.2க்கும் நடுவே உள்ள இடைவெளியை நம்பி என்னால் தூங்க முடியாது. வரைபடத்துக்கு வெளியே இருக்கும் வீட்டுக்கும் இந்தப் பாலிசி கிடைக்கும். கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை. ஆனால் பேஸ்மென்ட்டில் சோபா, டிவி, கார்பெட் எதற்கும் கிடைக்காது. உலை, தண்ணீர் ஹீட்டர் போன்ற சிலவற்றுக்குத்தான். பேஸ்மென்ட்டை அலங்கரித்து வைத்திருப்பவர்கள் பாலிசியின் அந்தப் பகுதியை இன்றே எடுத்துப் படியுங்கள்.

எதிர்வீட்டுக்காரர் முந்தைய வரைபடத்தில் லோமா வாங்கி வைத்திருந்தார். புதிய வெள்ள மட்டம் அவருடைய தரையைவிட உயர்ந்துவிட்டதால் அந்தக் கடிதம் செல்லாமல் போனது. அவருக்கு எந்தச் சர்வேயராலும் இப்போது உதவ முடியாது. 90 நாளுக்குள் டவுன்ஷிப் ஒரு நீரியல் இன்ஜினீயரை வைத்து வெள்ள மட்டத்தையே கேள்வி கேட்டிருந்தால் ஒருவேளை வழி பிறந்திருக்கும். அதனால்தான் இப்போது தெருவில் சிலர் சேர்ந்து, வரைபட மாற்றம் பற்றிய எந்தத் தகவல் வந்தாலும் வீடுகளுக்குத் தபால் அனுப்ப வேண்டும் என்று டவுன்ஷிப் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை, அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.

புதிதாக வீடு பார்ப்பவர்களுக்கு: 2024 மார்ச் 20 முதல் நியூ ஜெர்சியில் வீடு விற்பவர், அது வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதா, முன்பு வெள்ளம் புகுந்திருக்கிறதா என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். ஃபீமாவின் வரைபட இணையதளத்தில் நடைமுறையில் இருக்கும் வரைபடத்தோடு நிறுத்தாமல், முன்மொழியப்பட்ட வரைபடம் என்ற பகுதியையும் திறந்து முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஃபெடரல் ரெஜிஸ்டர் தளத்தில் உங்கள் ஊரின் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்தால், அறிவிப்பு வரும் நாளில் மின்னஞ்சல் வரும். பணம் கிடையாது. நான் எங்கள் ஊருக்கும் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் பதிவு செய்துவிட்டேன்.