தியேட்டர் செருப்பையும் கொஞ்சம் பாருங்கள்
ஆபரேஷன் தியேட்டரில் கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம், காலில் கிடக்கும் செருப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பள்ளங்களில் காய்ந்து கறுத்த ரத்தம், வாரின் ஓரத்திலும் ஒரு துளி. மனசே கேட்கவில்லை. இதன்மேல் அப்படியே ப்ளீச்சை ஊற்றிப் பயனில்லை, ரத்தமும் அழுக்கும் குளோரினின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து அலச வேண்டும், அப்புறம்தான் 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில், அதாவது அந்த ப்ளீச் கரைசலில், 10 நிமிடம் முழுசாக மூழ்கிக் கிடக்க வேண்டும், பிறகு மறுபடி அலசி நன்றாகக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு அடுக்கினால் மிச்சக் கிருமி திரும்பப் பெருகும். சூடுதாங்கும் செருப்பென்றால் வெந்நீரில் கழுவும் இயந்திரமே மேல். இன்னொன்று, தேய்ப்பவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள், பிரஷ் தெறிக்கும் தண்ணீர் நேராக முகத்துக்குத்தான் வரும்.