காலியா, பூஜ்யமா, வரவே இல்லையா?

கிருஷ்ணகிரி மாம்பழ மண்டி ஒன்றுக்கு இணையத்தில் லோடு பதிவுப் படிவம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்: ரகம், எடை, கழிவு கிலோ, ஜிஎஸ்டி எண், 'பணம் கொடுத்தாச்சு' என்று ஒரு டிக் பெட்டி.

எடையை நிரப்பாமல் அனுப்பினாலும் அந்தப் புலம் சர்வருக்கு வரும், வெற்றுச் சரமாக (ஒரு எழுத்தும் இல்லாத உரையாக). டிக் அடிக்காத பெட்டி வரவே வராது. டிஸேபிள் செய்த புலமும் அப்படித்தான். ஆகவே சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில், புலம் வந்திருக்கிறதா என்று பார்க்கும் இஸ்செட் டிக் பெட்டிக்குப் போதும். எடைக்கு அது உதவாது, காலியாக இருந்தாலும் 'இருக்கிறது' என்றே சொல்லும்.

உடனே, மதிப்பு காலியா என்று பார்க்கும் எம்ப்டிக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். பெங்களூரா ரக லோடு ஒன்றுக்குக் கழிவு 0 என்று அடித்துப் பாருங்கள். எம்ப்டி அதையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். கழிவே இல்லாத நல்ல சரக்குக்குத்தான் 'கழிவை நிரப்பவும்' என்று திட்டு விழும்! முதலில் ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ட்ரிம், பிறகு மூன்று சமக்குறி (வகையும் ஒன்றா என்று பார்ப்பது) போட்டு வெற்றுச் சரத்தோடு ஒப்பிடுங்கள். வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டினால் கூடவே வரும் பிரியா இடைவெளியை (அந்த இடத்தில் வரியை உடையவிடாத இடைவெளி, யூனிகோடு 00ஏ0) சாதாரண ட்ரிம் நீக்காது, அதைத் தனியாகத்தான் களைய வேண்டும்.

ஜிஎஸ்டி எண் கட்டாயமில்லை. அதைத் தரவுத்தளத்தில் வெற்றுச் சரமாகச் சேமித்து, ஒரே மதிப்பு இருமுறை வரவிடாத யூனிக் இண்டெக்ஸும் போட்டால், எண் இல்லாத இரண்டாவது ஆள் உள்ளே நுழைய முடியாது. 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக மாற்றினால் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் எத்தனை வந்தாலும் ஏற்கும். எண் வகை நெடுவரிசைக்கு வெற்றுச் சரம் போனால், தவறான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடில் பிழை; அது இல்லாவிட்டால் வெறும் எச்சரிக்கையோடு 0 ஏறிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

பிஎச்பி கட்டமைப்பான லாராவெல், 5.4 முதல் வெற்றுச் சரத்தை 'நல்' ஆக்கும் மாற்றத்தைத் தானே செய்கிறது. அங்கே கட்டாயமில்லாத புலங்களின் சரிபார்ப்பு விதியில் நல்லபிள் ('நல்' வரலாம் என்பது) சேர்க்க மறக்காதீர்கள்.