வராத டிஸ்க்குக்காகக் காத்திருந்த கணினி

ஏற்காட்டில் டிசம்பர் என்றால் காபிப் பழம் பறிக்கும் காலம். சனிக்கிழமை மாலை கூலி கொடுக்க வேண்டும். நான் கணக்கு எழுதும் எஸ்டேட்டில் செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவு), பழத்தின் எடை, முன்பணப் பிடித்தம் எல்லாமே டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய ஒரு பழைய கணினியில் இருக்கின்றன. அப்படியொரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அதன் பொத்தானை அழுத்தினேன். திரை கறுத்தது. ஒன்றரை நிமிடம் வரை ஒன்றும் இல்லை. பிறகு சில வெள்ளை வரிகள்: இது அவசர நிலை, ரூட் கணக்கு (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) பூட்டப்பட்டிருப்பதால் உள்ளே விட முடியாது, தொடர என்டரைத் தட்டவும். தட்டினால் மறுபடியும் அதே வரிகள்.

ரூட்டைப் பூட்டியவன் நானேதான். நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால் டெபியன் அந்தக் கணக்கைப் பூட்டிவிட்டு, நம் கணக்குக்கு, தேவைப்படும்போது நிர்வாகியாக வேலை செய்யும் சூடோ அதிகாரத்தைக் கொடுத்துவிடும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது, இப்போது என்னையே வாசலில் நிறுத்திவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். பிரிண்டர், கைரேகைக் கருவி, தினமும் பிரதி எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க், கடைசியில் மவுஸ் வரை பிடுங்கிப் போட்டேன். அப்போதும் அதே அவசர நிலை. ஆகவே வெளிச் சாதனங்கள் எதன் மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பால் மூன்று மணி நேரம் வீணானது. ரேமைக் கழற்றி, அழிரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து மாட்டினேன். சேலத்தில் இருக்கும் பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஃபார்மேட் செய்துவிடுங்கள் என்றார். எந்த நோய்க்கும் ஒரே கஷாயம்.

கடைசியில் சேலத்தில் பொறியியல் படிக்கும் அக்கா மகனை அழைத்தேன். "மாமா, எதையும் கழற்றாதீர்கள். திரையில் என்ன வருகிறது என்று முதலில் படியுங்கள்" என்றான். ஒன்றும் வரவில்லையே என்றேன். வரவிடாமல் வைத்திருக்கிறது என்றான். கணினி தொடங்கியதும் வரும் கிரப் என்ற பூட் பட்டியல் தெரியும்போது 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் செய்திகளை மறைக்கும் 'க்வயட்' என்ற சொல்லை அழித்துவிட்டு பூட் செய்யச் சொன்னான்.

இந்த முறை வரிகள் மளமளவென்று ஓடின. ஓர் இடத்தில் நின்றன. சிவப்பு நட்சத்திரங்கள் தறியில் நாடா ஓடுவதைப் போல இடமும் வலமுமாகப் போய்வந்தன. பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக நீண்ட ஓர் அடையாளம். ஏதோ ஒரு வட்டுக்காகக் காத்திருப்பதாகச் செய்தி. 1 நிமிடம் 30 நொடி கெடு. எந்த வட்டு? உள்ளே இருக்கும் வட்டு ஏற்கெனவே இணைந்திருந்தது. மிச்சம் இருந்தது, நான் பிடுங்கி மேசை மேல் வைத்திருந்த வெளி டிஸ்க்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒவ்வொரு நாளும் அதைக் கையால் இணைக்கச் சோம்பல்பட்டு, தொடங்கும்போது எந்தெந்த வட்டை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். விலக்கு எதுவும் சொல்லாமல் எழுதினால், அந்த வட்டு கட்டாயம் வேண்டும் என்று, தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி நிரல் எடுத்துக்கொள்கிறது. 90 நொடி காத்திருக்கும். வராவிட்டால் அவசர நிலைக்குப் போய்விடும். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்தால்தான் முகூர்த்தம் என்று என் கணினி உட்கார்ந்திருக்கிறது. நானோ மாமனை ஊருக்கு அனுப்பிவிட்டு, கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று பந்தல் காலை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அப்படியானால் காலையில் டிஸ்க் செருகியிருந்தபோது ஏன் நின்றது? செருகிவிட்டு மறுபடியும் பார்த்தேன். யுஎஸ்பி சாதனத்தின் விவரத்தைப் படிக்க முடியவில்லை, பிழை 110 என்று லினக்ஸின் மையமான கர்னல் திரும்பத் திரும்பச் சொன்னது. கர்னலின் கணக்கில் 110 என்றால் நேரம் கடந்துவிட்டது, பதில் இல்லை என்று பொருள். டிஸ்க்கில் விளக்கு மட்டும் எரிந்தது. ஆக, செருகினாலும் பூட் இல்லை, பிடுங்கினாலும் இல்லை.

வழி தெரிந்த பிறகு வேலை பத்து நிமிடம்தான். கிரப்பில் அதே லினக்ஸ் வரியின் கடைசியில், வழக்கமான தொடக்க நிரலான இனிட்டுக்குப் பதிலாக, கட்டளை தட்டும் பாஷ் (bash) நிரலைத் தொடங்கு என்று சேர்த்தேன். கடவுச்சொல் கேட்காமல் நேராக ரூட் அதிகாரத்தோடு உள்ளே விட்டது. கிரப்புக்குக் கடவுச்சொல்லோ வட்டுக்குக் குறியாக்கமோ போடாத எந்த லினக்ஸ் கணினியிலும் இது பெரும்பாலும் நடக்கும் என்பதை நினைத்தால், நான் ரூட்டைப் பூட்டியதன் லட்சணம் தெரிகிறது. வட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தது. எழுதும்படி மாற்றி, எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன்னால், அதைச் செயலிழக்கச் செய்யும் ஒரு ஹாஷ் குறி போட்டேன். அங்கிருந்து சாதாரண ரீபூட் வேலை செய்யாது. எழுதியதை வட்டில் சேர்க்கும் சிங்க் கட்டளையைக் கொடுத்துவிட்டு, கட்டாய ரீபூட் கொடுக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு மேசைத்திரை வந்தது. நான்கு மணிக்குக் கூலிப் பட்டியல் அச்சானது.

டிஸ்க் கேபிளின் அகலமான தலையை டார்ச் அடித்துப் பார்த்தால், துலக்காத செம்புக் குடம் போலப் பச்சைக் களிம்பு. ஜன்னல் ஓரத்து மேசை. மழையும் பனிமூட்டமும் அறைக்குள்ளேயே வந்து போகிற ஊர். திங்கள்கிழமை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் புதிய கேபிள் வாங்கி வந்து மாட்டினேன். டிஸ்க் உடனே பதில் சொன்னது. ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, அந்த வரியில், வட்டு வராவிட்டாலும் தொடரச் சொல்லும் 'நோஃபெயில்' என்பதைச் சேர்த்து, காத்திருக்கும் நேரத்தையும் 10 நொடியாகக் குறைத்தேன்.

அன்று மாலைதான் இன்னொன்று கண்ணில் பட்டது. டிஸ்க் இல்லாத சனி, ஞாயிறு இரண்டு இரவும் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் தன் பாட்டுக்கு ஓடியிருந்தது. டிஸ்க் வந்து உட்கார வேண்டிய காலி அடைவுக்குள்ளேயே, அதாவது மூலக் கணக்குகள் இருக்கும் அதே உள் வட்டிலேயே, இரண்டு பிரதிகளை அழகாக எழுதிவைத்து, வெற்றி என்று பதிவும் செய்திருந்தது. நோஃபெயில் போட்டால் இந்த ஆபத்து நிரந்தரம். இப்போது அந்த அடைவில் டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் கேட்டுக்கொண்ட பிறகே ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்குகிறது.

'க்வயட்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். காலையில் திரை நிறைய வரிகள் ஓடுவதைப் பார்த்து, கணினிக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லையா என்று மேஸ்திரி கேட்கிறார்.