மூன்று மணிக்கு ஹெக்டர்

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம், நைட்கிளிஃப் கடற்கரை. வடக்கே பார்த்தால் ஹெக்டர் எழும்பிக்கொண்டிருந்தார்.

ஹெக்டர் ஆளில்லை, இடிமேகம். சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திவி தீவுகளின் மேல், இந்தப் பருவத்தில் அநேகமாகத் தினமும் பிற்பகலில் வந்துவிடுவார். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் வைத்த பெயர்.

அடிப்பக்கம் கருமை. மேலே காலிஃப்ளவர் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பொங்கி, சட்டென்று தலை தட்டையாகி ஒரு பக்கமாக இழுபட்டது. உச்சி 20 கிலோமீட்டர் உயரம்கூடப் போகுமாம். இடிச் சத்தம் மட்டும் இங்கே எட்டாது.

சூடேறிய தீவின் மேல் இரு பக்கக் கடற்காற்றும் வந்து மோதுகிறது. ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மேகத்துக்குள்ளே பனித்துகள்கள் உரசி மின்னூட்டம் பிரிய, மின்னல்.

வேடிக்கை என்னவென்றால், கொட்டோ கொட்டென்று கொட்டும் பருவமழை நாட்களில் இங்கே மின்னல் குறைந்துவிடும். மழைக்கு முந்தைய இந்தப் புழுக்க மாதங்களில்தான் வாணவேடிக்கை. சட்டை முதுகோடு ஒட்டுகிற எரிச்சலுக்கு இதுதான் ஈடு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூன், ஜூலையில் வந்து பாருங்கள், வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். அதே மாதங்களில் தென்மேற்கே பெர்த் நகரில், முன்னேறி வரும் குளிர்காற்றின் முகப்போடு இடி வரும். தென்கிழக்கே விக்டோரியா மாநிலத்துக்குக் கோடை மின்னல் என்றாலே வயிற்றில் புளி. மழைத்துளி தரைக்கு வருமுன் காய்ந்துபோக, மின்னல் மட்டும் காட்டில் இறங்கித் தீ வைத்துவிட்டுப் போகும்.